டேப்பை உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வருகிறது: முதல்முறை சுவர் அடிப்பவரின் கேள்வி

முதல்தூரிகை

வணக்கம். வாழ்க்கையில் முதல்முறையாக நானே சுவருக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். படுக்கையறையில் ஒரே ஒரு சுவர். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்ட், இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு. டப்பாவில் போட்டிருந்தபடியே இரண்டு கைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட்டேன். அடித்து முடித்தபோது நிறம் சீராக, அழகாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மேல்தளத்தை ஒட்டிப் போட்டிருந்த மாஸ்கிங் டேப்பை இழுத்தேன். டேப்போடு பெயிண்டும் தோல் உரிவதைப் போல ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வந்துவிட்டது. கிழிந்த ஓரத்தில் நகத்தை விட்டால் இன்னும் வருகிறது. மட்டமான பெயிண்ட்டை வாங்கிவிட்டேனா? அல்லது டேப்பை எடுத்த விதம் தவறா? மீதி மூன்று சுவர்களையும் தொடவே தயக்கமாக இருக்கிறது.

ரசமட்டம்

தம்பி, உரிந்து வந்த அந்தத் தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. வழவழவென்று சுத்தமாக இருந்தால், அடியில் பளபளப்பான பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கிறது, புதியது அதைப் பற்றவில்லை என்று பொருள். ஈரம் தட்டினால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் அது வேறு கதை.

அப்படியே இன்னும் அடிக்காத சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டு, கையில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். பிறகு பேசுவோம்.

முதல்தூரிகை

பார்த்துவிட்டேன் ஐயா. தோலின் பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவு. விரலால் தேய்த்தால் முகப் பவுடரைப் போல வழுக்குகிறது. அடிக்காத சுவரில் தேய்த்த கையும், கரும்பலகையைத் துடைத்த கை போல வெளுத்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரம் வரை பழைய பூச்சு கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு போல வெள்ளை இழைகள் நின்றன.

ரசமட்டம்

பெயிண்ட்டைக் குறை சொல்லாதீர்கள், டேப்பையும் குறை சொல்லாதீர்கள். அந்த டேப் உங்களுக்குச் செய்தது உபகாரம். அது இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, வீட்டுச் சாமான்களெல்லாம் அடுக்கிய பிறகு, தானாகவே செதில் செதிலாக விழுந்திருக்கும்.

22 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக அடிக்க வருகிறவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள்: எந்த நிறம், எந்த நிறுவனம், மேட்டா, பளபளப்பா. அடியில் இருப்பது என்ன என்று கேட்பவர் மிகக் குறைவு. பெயிண்ட்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது. தனக்குக் கீழே இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். உங்கள் சுவரில் கீழே இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர், அதாவது சுண்ணத் தூளைப் பசையோடு கலந்து அடிக்கும் பூச்சு. அதைச் சுவரோடு சேர்த்து வைத்திருந்த பசை காலப்போக்கில் செத்துவிட்டது. மேலே நீங்கள் அடித்த எமல்ஷனில் இருந்த தண்ணீர் அந்த மாவை ஊற வைத்தது. காயும்போது எமல்ஷன் படலம் சுருங்கி இழுத்தது. மாவு சுவரை விட்டுவிட்டு, பெயிண்ட்டோடு போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான்.

இனிச் செய்ய வேண்டியது. அடித்த சுவரில், உரிவதையெல்லாம் பட்டித் தகட்டால் உரித்துவிடுங்கள். மனம் கேட்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் உரியுங்கள். எங்காவது உறுதியாக நிற்பதுபோல் தோன்றினால், அங்கே பிளேடால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் எடுங்கள். கீறலின் ஓரங்கள் அசையாமல் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். சில்லு வந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

அடிக்காத சுவர்களில் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பாஞ்சால் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தகட்டால் வழித்து எடுங்கள். குழம்பு போல வரும். பிறகு சுத்தமான தண்ணீரால் துடையுங்கள். வேலையைத் தொடங்குமுன் அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட வேண்டும், சுவிட்சுப் பலகைகளைச் சுற்றி ஈரத் துணியோடு விளையாடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கறுப்புத் துணியை எடுத்துச் சுவரில் தேயுங்கள். துணி கறுப்பாகவே திரும்பி வரும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

ஓட்டுவீடு

இப்போது பெயிண்ட்டுக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமரும் பெயிண்ட்டும் ஒன்றாகவே கலந்து ஒரே டப்பாவில் வருகிறதே. அதை வாங்கி நேரடியாக அடித்தால் இத்தனை பாடு தேவையில்லை அல்லவா? என் வீட்டுக் கூடத்துக்கு அப்படித்தான் அடித்தேன். மூன்று ஆண்டுகளாக நன்றாகவே இருக்கிறது.

ரசமட்டம்

உங்கள் கூடத்தில் ஏற்கெனவே நல்ல எமல்ஷன் இருந்திருக்கும். உறுதியான பழைய பூச்சின் மேல், நிறமும் அதிகம் மாறாதபோது, அந்த வகை தாராளமாகப் போதும். சில நேரங்களில் தனி பிரைமர்கூட வேண்டியதில்லை. நான் மறுக்கவில்லை.

ஆனால் மாவு உதிரும் சுவரில் அதுவும் மேலோடு நின்றுவிடும். அங்கே வேண்டியது உள்ளே ஊறிப்போய் துகள்களைக் கட்டிப்போடும் பிரைமர். கழுவிய பிறகும் லேசாக உதிர்கிறதென்றால், கரைப்பான் கலந்த எண்ணெய் பிரைமரைச் சற்று நீர்க்க அடிக்கலாம். அது அடிக்கும்போது ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், அருகே அடுப்போ விளக்குச் சுடரோ எதுவும் எரியக் கூடாது. கழுவி முடித்த சுவர் கையில் ஒட்டாமல் சுத்தமாக இருந்தால், சாதாரணத் தண்ணீர் பிரைமரே போதும்.

கட்டடக்கணக்கு

குளியலறைப் பக்கச் சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் பெரிய பிரச்சினை. கொப்புளத்துக்குள் பார்த்த பஞ்சு இழைகள் உப்பு. செங்கல்லிலும் சிமெண்ட்டிலும் இருக்கும் உப்புகளைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகி வளர்கிறது. அந்தப் படிகம் வளரும் விசைதான் பூச்சைத் தள்ளுகிறது. சுவர் உப்புப் பூக்கிறது என்றால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. வரத்தை நிறுத்தாமல் எத்தனை கை அடித்தாலும் பூத்துக்கொண்டேதான் இருக்கும். ஓதம் தடுக்கும் பெயிண்ட் என்று விற்பதை உள்பக்கம் மட்டும் அடித்தால், தண்ணீர் பக்கத்து இடத்தைத் தேடிப் போகும்.

சோதனை எளிது. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையின் காற்றில்தான் ஈரம் அதிகம். காற்றோட்டம் தேவை.

இன்னொரு சொல்: அந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து, வாரி எடுத்து வெளியே போடுங்கள்.

முதல்தூரிகை

தாளை ஒட்டிவிட்டேன். நாளை சொல்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அகல்விளக்கு

ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வீடு பழையது என்றால், கதவு ஜன்னல்களில் இருக்கும் பழைய எனாமலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அனல் காட்டியும் உரிக்காதீர்கள். பழைய பெயிண்ட்டுகளில் ஈயம் கலந்திருப்பது சகஜம். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. புதிய பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற வரம்பைப் பல நாடுகள் சட்டமாக வைத்திருக்கின்றன. வாங்கும்போது டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்துவிடுவது நல்லது. அதுவரை, உறுதியாக நிற்கும் பழைய எனாமலைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தபோது இது தெரியாமல் ஒரு ஜன்னலை நாள் முழுக்கத் தேய்த்தோம். அந்தத் தூள் நிறைந்த அறையை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் எங்கே பெயிண்ட் பேச்சு வந்தாலும் இதைச் சொல்லாமல் போவதில்லை.

முதல்தூரிகை

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. ஜன்னலைத் தேய்க்க உப்புத்தாள்கூட வாங்கி வைத்திருந்தேன். பரிசோதித்துவிட்டுத்தான் தொடுவேன்.

பாலித்தீன் தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். குளியலறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயை ஒட்டி, டைல்களுக்கு நடுவே இருந்த பூச்சு கரைந்து விரல்நுனி நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அதைச் சரிசெய்ய ஆள் வருகிறார்.

மற்ற சுவர்களைக் கழுவித் துணிச் சோதனையும் முடித்துவிட்டேன். இனிப் பட்டி பார்க்க வேண்டும். எவ்வளவு தடிமனாகப் போடுவது?

ரசமட்டம்

மெல்லியதாக. பட்டி என்பது சுவரைக் கட்டுவதற்கல்ல, பள்ளத்தை நிரப்புவதற்கு. ஒரே பூச்சில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். ஆழமான ஓட்டை இருந்தால் அதை முதலில் தனியாக அடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய விரிசல் என்றால், பட்டித் தகட்டின் மூலையால் அதை ஆங்கில வி எழுத்து போலச் சற்றே அகலப்படுத்தி, தூசியைத் தட்டிவிட்டு நிரப்புங்கள். விரிசலின் வாயில் பூசி மூடினால் அது மறுபடி திறந்துகொள்ளும்.

வெள்ளை சிமெண்ட் பட்டி என்றால் தேவைப்படும் அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினால் பலம் இருக்காது. அது பூசுமுன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். அக்ரிலிக் பட்டி என்றால் நனைக்கக் கூடாது, அடியில் ஒரு கை பிரைமர் போட்டுவிட்டுப் பூசுவது நல்லது. இரண்டுக்கும் முறை வேறு, பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

காய்ந்த பிறகு 180 அல்லது 220 எண் உப்புத்தாள். முகக்கவசம் கட்டாயம். தேய்க்கும்போது அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெண்ணெய் போலத் தெரிந்த சுவரில், பக்க வெளிச்சம் பட்டதும் தகட்டின் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். தெரிகிற இடத்தில் பென்சிலால் லேசாக வட்டம் போட்டுக்கொண்டே போய், பிறகு வட்டம் வட்டமாகத் தேயுங்கள். என் குருநாதர் எனக்கு முதலில் கொடுத்த கருவி பிரஷ் அல்ல, கைவிளக்குதான்.

தேய்த்து முடித்ததும் தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால், நீங்கள் கழுவி எடுத்த அதே மாவை மறுபடி சுவரில் வைத்த மாதிரி ஆகிவிடும். மேலிருந்து கீழாக, பிழிந்த ஈரத் துணியால் துடையுங்கள்.

நிழற்குடை

அளவுக் கணக்கையும் யாராவது சொன்னால் நல்லது. நான் முன்பு ஒருமுறை பாதிச் சுவரில் பெயிண்ட் தீர்ந்து, மறுபடி வாங்கியதில் நிறம் நூலிழை மாறிப்போய், கடைசியில் சுவர் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

கட்டடக்கணக்கு

சுற்றளவைச் சுவர் உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழியுங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுற்றளவு 14, சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். ஒரு கதவுக்கும் ஒரு ஜன்னலுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4 போனால் 38. இரண்டு கைக்கு 76. வழவழப்பான சுவரில் எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு கைக்குப் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 10 என்றே வைத்துக்கொண்டால் 7.6 லிட்டர், அதாவது 8 வாங்க வேண்டும். சொரசொரப்பான சுவர் இன்னும் அதிகம் குடிக்கும். உங்கள் டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவை வைத்துக் கணக்கிடுங்கள்.

நிற வேறுபாட்டுக்கு: எல்லா டப்பாவிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் கலந்து கொடுத்த நிறம் என்றால், எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொண்டு அடிப்பதுதான் பாதுகாப்பு. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கீறல் விழுந்தால் உதவும்.

முதல்தூரிகை

பிரைமர் முடிந்தது. சுவர் இப்போது தொட்டால் இழுத்துப் பிடிக்கிறது, பவுடர் வழுக்கல் இல்லை. பெயிண்ட் அடிக்கும்போது முன்பு செய்த இன்னொரு தவறும் நினைவுக்கு வருகிறது. மூலைகளையெல்லாம் காலையில் பிரஷால் அடித்துவிட்டு, நடுப்பகுதியை மாலையில் ரோலரால் அடித்தேன். சுற்றிலும் சட்டம் போட்டதுபோல ஒரு பட்டை தெரிந்தது.

ரசமட்டம்

ஈர ஓரம் காய விடக் கூடாது. தொழிலில் பாதி அதுதான். ஒரு சுவரின் ஓரங்களை இரண்டு விரல்கடை அகலத்துக்கு பிரஷால் அடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவரை ரோலரால் முடித்துவிட வேண்டும். பிறகுதான் அடுத்த சுவர். நான்கு சுவரின் ஓரங்களையும் ஒரேயடியாக அடித்துவைத்தால் நீங்கள் பார்த்த சட்டம் விழும். ஒரு சுவரைத் தொடங்கினால் பாதியில் எழுந்து போகாதீர்கள். காற்றாடியைச் சுவரை நோக்கிச் சுழல விடாதீர்கள், ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பான சுவருக்கு 9 முதல் 12 மில்லிமீட்டர் மயிர் போதும். புது ரோலர் என்றால் முதலில் நனைத்துப் பிழிந்து, உதிரும் இழைகளை எடுத்துவிடுங்கள். பெயிண்ட்டில் தோய்த்து, தட்டின் மேட்டில் உருட்டி, சொட்டாத அளவுக்கு வழித்து, ஒரு கை அகலப் பரப்பில் குறுக்கும் மறுக்குமாகப் பரப்புங்கள். பின்பு அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஒரே திசையில் நீவிவிடுங்கள். ரோலர் காய்ந்துபோன பிறகும் அழுத்தி உருட்டுகிறவர்கள்தான் கோடு போடுகிறார்கள். சளசளவென்று மெல்லிய ஓசை வரும்வரை ரோலரில் பெயிண்ட் இருக்கிறது. அது கரகரப்பாக மாறினால் மறுபடி தோய்க்க வேண்டிய நேரம். காதால் கேட்டுப் பழகுங்கள்.

முதல் கை காய்ந்ததும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பதறிப்போய் அங்கங்கே தொட்டுவைக்காதீர்கள். இரண்டாம் கையில் சேர்ந்துவிடும்.

ஓட்டுவீடு

டேப்பை எப்போது எடுப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். சிலர் ஈரத்தோடே எடுக்க வேண்டும் என்கிறார்கள், சிலர் நன்றாகக் காய்ந்த பிறகு என்கிறார்கள்.

ரசமட்டம்

கடைசிக் கை அடித்து, தொட்டால் விரலில் ஒட்டாத ஆனால் படலம் இன்னும் இறுகாத நேரத்தில். மெதுவாக, டேப்பை அதன் மேலேயே மடித்து, சுவரிலிருந்து சாய்வாக இழுங்கள். காய்ந்தே போய்விட்டால் ஓரத்தில் பிளேடால் மெல்லக் கீறிவிட்டு எடுங்கள். படலம் முழுமையாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை சுவரை ஈரத் துணியால் தேய்க்க வேண்டாம்.

முதல்தூரிகை

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று சுவர்கள் முடிந்தன. நேற்று டேப்பை இழுக்குமுன் உண்மையிலேயே கை நடுங்கியது. அரையடி இழுத்து நிறுத்திப் பார்த்தேன். கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடு. டேப்பின் பசைப்பக்கத்தில் ஒரு துகள் இல்லை. கடைசிவரை இழுத்துவிட்டு, அந்த டேப்பை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

குளியலறைப் பக்கச் சுவரைத் தொடவில்லை. கசிவை அடைத்துவிட்டார்கள். உப்பை உலர் பிரஷால் தட்டி எடுத்தேன். போன வாரம் தாள் ஒட்டிப் பார்த்ததில் இன்னும் லேசாக வியர்க்கிறது. அதற்கு இப்போதே பட்டி பார்க்கலாமா?

கட்டடக்கணக்கு

பொறுங்கள். சுவர் உள்ளே குடித்த தண்ணீர் வெளியே வர வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தச் சுவரோடு அலமாரி எதையும் ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாளை ஒட்டிப் பாருங்கள். அதற்குள் புது உப்பு பூத்தால் மறுபடி உலர் பிரஷ். உதிர்கிற காரையைச் செதுக்கிவிட்டுப் புதிதாகப் பூச நேர்ந்தால், அந்தப் புதுப் பூச்சும் 28 நாளாவது காய வேண்டும். புது சிமெண்ட்டில் காரத்தன்மை மிக அதிகம், அவசரப்பட்டு அடித்த பெயிண்ட்டின் நிறத்தைத் தின்றுவிடும். எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் சோப்பு போலவே ஆக்கிவிடும்.

முதல்தூரிகை

சரி, அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும். அடுத்த தாள் சோதனை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அகல்விளக்கு அக்காவுக்கு: ஜன்னலிலிருந்து எடுத்த சில்லைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை அந்த உப்புத்தாள் உறையைப் பிரிக்கப் போவதில்லை.